சங்கத்துக்குச் சட்டதிட்டம் எவ்வளவு வேண்டும்?
(கிளை நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நல்ல காரியம் செய்ய பைலா எதற்கு?" என்று சில கிளைகளில் கேட்கிறார்கள். வேறு சில கிளைகளிலோ பைலா திருத்தம் பேசியே வருஷம் ஓடிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது?

1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் இன்றும் பல மாநிலங்களில் அமலில் இருக்கிறது. அது கேட்பது மிகக் குறைவு. 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். வருஷாந்தரப் பொதுக்குழு கூடிய 14 நாட்களுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். 3 மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை. சங்கத்தைக் கலைத்தால், மிஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. யார் பொறுப்பு, யார் உறுப்பினர், பணம் யாருடையது என்ற மூன்றில்தான் சட்டத்துக்கு அக்கறை. விழாவை எப்படி நடத்துவது என்று அதில் ஒரு வரி கிடையாது.

அந்த மூன்றும் ஏன் அவசியம் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு குழுவைச் சொல்கிறேன். வைத்திய உதவிக்காகப் பணம் சேர்த்தார்கள். பதிவு கிடையாது. மிகவும் நாணயமான ஒரு மாமாவின் சொந்தப் பெயரில் பாங்க் கணக்கு. அவர் திடீரென்று காலமானார். ஒரு பைசா குறையவில்லை. ஆனால் பாங்கைப் பொறுத்தவரை அது அவருடைய பணம். வாரிசு யார் என்று நிரூபித்தாக வேண்டும். டயாலிஸிஸுக்கு உதவி எதிர்பார்த்திருந்தவர் காத்திருந்தார். துக்கத்தில் இருந்த மாமியிடம் போய்க் கணக்குக் கேட்க வேண்டிய சங்கடம் வேறு. சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தில் கணக்கு இருந்திருந்தால் இது எதுவும் நேர்ந்திராது. கட்டுப்பாடு என்பது நாணயஸ்தர்மேல் சந்தேகப்படுவது அல்ல. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

மறுபக்கமும் உண்டு. ராத்திரி 2 மணிக்கு ஒரு வீட்டில் துக்கம். பிள்ளை வெளிநாட்டில். சாஸ்திரிகளுக்குச் சொல்ல வேண்டும், ஐஸ் பெட்டி வரவழைக்க வேண்டும். அப்போது கமிட்டியின் தீர்மானத்துக்குக் காத்திருக்க முடியுமா? இன்ன தொகை வரை செயலாளர் உடனே செலவழிக்கலாம், அடுத்த கூட்டத்தில் ரசீது வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி போதும். அதுவும் விதிதான், ஆனால் கையைக் கட்டாத விதி.

நான் ரசாயனம் படித்தவன். பீக்கர் இல்லாவிட்டால் திரவம் மேஜையில் கொட்டிவிடும். அதற்காக பீக்கரே ரசாயன மாற்றத்தில் கலந்துகொள்ளக் கூடாது. சங்கத்துக்கு விதிகளும் அப்படித்தான்.

ஊர் திரும்பியதும் மூன்று விஷயம் பாருங்கள். பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது? தணிக்கை செய்த கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்பட்டதா? செயலாளர் நாளை ஊர் மாறிப் போனால் ஃபைல்கள் யாரிடம் போகும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் கிளைக்கு அமைப்பு போதும். மீதி நேரத்தை மனிதர்களுக்குக் கொடுங்கள்.