நீருக்குப் பட்டா எங்கே?

(சென்னையில் நடந்த படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மழைநீரும் மாநகரமும் என்று தலைப்புத் தந்து என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அரசியல் மேடையிலே மழையைப் பற்றியா பேச்சு என்று வாயிலிலே ஒரு தோழர் கேட்டார். மழை பெய்வதிலே அரசியல் இல்லை, தோழர்களே! பெய்த மழை எங்கே போய்த் தங்குவது, எவர் வீட்டுக்குள் நுழைவது, எவர் வீட்டை விட்டு விலகிப் போவது — அதிலே இருப்பது அத்தனையும் அரசியல்.

முதலிலே ஒரு சிறு கணக்கு. ஒரு மனை என்பது 2,400 சதுர அடி. அந்த ஒரு மனையின்மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகின்ற நீர் ஏறத்தாழ 22,000 லிட்டர். கோடையிலே குடங்களை வரிசையாக வைத்துக் காத்து நிற்கிறோமே, அந்த 12,000 லிட்டர் தண்ணீர் லாரி — அதிலே இரண்டு லாரிக்குச் சற்றுக் குறைவு! வெறும் மண்ணாக இருந்தால் மண் ஒரு பங்கைக் குடிக்கும்; மரமிருந்தால் வேர்வழி இறங்கும்; சிமெண்டுத் தளமாக இருந்தால் அத்தனையும் தெருவுக்கு வரும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்திலே தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். மனை ஒன்றுக்கு ஒன்பது லாரி. அந்த ஊரிலே எத்தனை மனை என்று நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள்.

இவ்வளவு நீரும் முன்னாளிலே எங்கே தங்கியது? ஏரியிலே தங்கியது. நம் முன்னோர் ஏரியைத் தனித்தனியே வெட்டவில்லை, சங்கிலியாக வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. கீழ்க்கட்டளை ஏரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். சதுப்பிலே கோரையும் நாணலும் வேகத்தைத் தடுக்க, வண்டல் படிய, ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்க, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்திலே கடலைச் சேரும். மலையிலிருந்து ஓடி வரும் குதிரையைப் பழக்கி நடக்க விடுவது போன்ற ஏற்பாடு அது. எந்திரமில்லை, மின்சாரமில்லை, டெண்டருமில்லை!

அந்த ஏரிகளுக்கு என்ன நேர்ந்தது? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பிறைபோல் வளைந்து கிடந்தது நெடிய ஏரி ஒன்று. அதன் மாம்பலம் பகுதியை 1923-ஆம் ஆண்டு முதல் தூர்த்து எழுப்பியதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. நகருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவிற்குப் பனகல் அரசர் பெயர்; போற்றுதற்குரிய பெயர்கள்தாம். ஆனால் பெயர் பெரிது என்பதற்காக வெள்ளம் வணங்கி விலகிப் போவதில்லையே! பின்னர் நுங்கம்பாக்கம் ஏரியும் மேடானது; அந்த இடத்திலே 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. நீரின்றி உலகு அமையாது என்பதைச் சொன்னவருக்கு, நீரை விரட்டிய இடத்திலே கோட்டம்! இன்றும் அங்கே ஏரிக்கரையின் பெயர் தாங்கிய தெருக்கள் உண்டு. கரை இருக்கிறது பெயரிலே. ஏரி இல்லை தரையிலே.

இவற்றைக் கள்ளத்தனமாக ஒருவன் இரவோடிரவாக விழுங்கிவிடவில்லை. வரைபடம் போட்டு, ஆணை பிறப்பித்து, பட்டப்பகலிலே செய்தார்கள். வயல் மனையானது, வயலுக்கு நீர் தேவையில்லை என்றானதும் ஏரிக்குக் காவலரும் இல்லை என்றாயிற்று. மதகைத் திறக்கவும் கரையைக் காக்கவும் உழவனுக்கு ஓர் அக்கறை இருந்தது. மனை வாங்கியவருக்கு அஃது ஏன்? வருவாய்த் துறை ஏட்டிலே சதுப்பு நிலத்திற்கு எழுதப்பட்ட பெயர் 'பயனற்ற நிலம்'. பயனற்றது என்று ஏட்டிலே எழுதிவிட்டால், பிறகு அங்கே குப்பையும் கொட்டலாம், கட்டடமும் எழுப்பலாம். பள்ளிக்கரணையிலே இரண்டும் நடந்தன. ஒரு காலத்திலே 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த அந்தச் சதுப்பிலே, 2022-இல் ராம்சர் உலகப் பட்டியலில் இடம் பெற்றது 1,247 ஹெக்டேர்.

2015 வெள்ளத்தை ஆராய்ந்த தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. மனிதரால் விளைந்த பேரிடர் என்றது அது. எந்த மனிதர்? தண்டனை யாருக்கு வந்தது என்று பார்த்தால் விளங்கும். அடையாற்றங்கரையிலே குடிசை போட்டிருந்த ஏழைகளைப் பெயர்த்தெடுத்து, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளிலே அடைத்தார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பின் ஓரத்திலே! 2023 டிசம்பர்ப் புயலிலே அந்த மக்கள் மீண்டும் நீரிலே நின்றார்கள். ஆற்றங்கரைக் குடிசை ஆக்கிரமிப்பாம். சதுப்பின்மேல் எழுந்த கண்ணாடி மாளிகை வளர்ச்சியாம்! பக்கிங்காம் கால்வாயினுள்ளேயே தூண் நட்டு ரயில் விட்ட அரசு, கால்வாயோரத்துக் கிழவியைப் பார்த்து நீ நீர்வழியை அடைக்கிறாய் என்கிறது. இதிலே ஆண்ட கட்சிகளுக்குள் பெரிய வேற்றுமை கண்டவர் எவருமிலர்.

வடிகால் கட்டுகிறார்களே என்பீர்கள். கட்டட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வடிகால் கடத்துமே தவிரத் தேக்காது. சென்னையோ தட்டையான ஊர். கடல் பொங்கி நிற்கும் நேரத்திலே, முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்து நிற்கும் நேரத்திலே, எத்தனை அகலமாய்க் கால்வாய் வெட்டினாலும் நீர் போக இடமேது? அந்தச் சில மணி நேரம் நீர் உட்கார்ந்து இளைப்பாற ஓர் இடம் வேண்டும். இன்னொன்று: டிசம்பரிலே கடலுக்கு விரட்டிய நீரைத்தான் ஜூனிலே தேடுகிறோம். 2019-ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் கொண்டுவந்த ஊரல்லவா இது? மூழ்கிய நான்காம் ஆண்டிலே முழுத் தாகம்!

கோபன்ஹேகன் நகரம் 2011 ஜூலையிலே ஒரே பெருமழையில் மூழ்கியது. வீதிகளைத் தோண்டிக் குழாயைப் பெரிதாக்குவதோடு அவர்கள் நிற்கவில்லை. எங்காவே பூங்கா என்ற பழைய பூங்காவைத் திருத்தி அமைத்து, ஓரங்களிலே தாழ்ந்த சுவர் எழுப்பினார்கள். மற்ற நாளிலே பிள்ளைகள் விளையாடும் திடல். பெருமழை நாளிலே 22,600 கன மீட்டர், அதாவது இரண்டேகால் கோடி லிட்டர் நீரைத் தாங்கும் ஏரி. நமக்கு இது புதுமையா? கரை கட்டி நீர் தேக்குவதை நாம் டென்மார்க்கிடம் கற்க வேண்டியதில்லை; ஊருக்கு நடுவே அதற்கு இடம் விட்ட அந்தத் துணிவைத்தான் கற்க வேண்டும்.

அதே நேரத்தில், பூங்கா இரண்டு அமைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்திக்கொள்பவர்களையும் நம்பிவிடாதீர்கள். சீனத்திலே நீரை உறிஞ்சும் நகரங்கள் என்று 2015 முதல் பெரும் திட்டம் நடத்தினார்கள். அத்தகைய பணிகள் நடந்த செங்சௌ நகரத்தில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள்ளேயே மக்கள் மாண்டார்கள். புல்தரையும் பூங்காவும் சாதாரண மழையை வாங்கும். பேய்மழைக்கு ஏரியும் சதுப்பும் வேண்டும், அதுவும் முழு அளவிலே வேண்டும். 2024-இல் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலிலே குளங்கள் வெட்டப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் ஒரு கையாலே குளம் வெட்டி, மறு கையாலே சதுப்போரத்தில் பத்து மாடிக்கு அனுமதி வழங்கினால், வெட்டிய குளம் வேடிக்கைப் பொருள்.

சரி, நாம் என்ன செய்வது? வட்டந்தோறும் கிராம 'அ' பதிவேட்டையும் பழைய புலப்படத்தையும் பெறுங்கள். ஏரி, தாங்கல், ஓடை என்று எழுதியிருக்கும் புல எண்களிலே இன்று நிற்பது என்னவென்று நேரிலே போய்ப் பாருங்கள். 2015-இலும் 2023-இலும் நீர் எந்த வழியாய் வந்தது, எத்தனை அடி நின்றது என்று தெருவிலே உள்ள தாய்மார்களைக் கேட்டுக் குறியுங்கள். அவர்களைவிட நன்றாக அதை அறிந்த பொறியாளர் இல்லை. குறிக்கும்போது அரசுக் கட்டடம், பெருநிறுவனக் கட்டடம், குடிசை என்று பிரித்தே குறியுங்கள். அகற்ற வருகிறவர்கள் குடிசையிலே தொடங்கினால், பட்டியலின் முதல் பக்கத்தை அவர்கள் முன்னே நீட்ட வேண்டும். அடுத்த வடிகால் டெண்டர் மாமன்றத்துக்கு வரும்போது, இந்த நீர் தங்க இடமெங்கே என்று நம் உறுப்பினர் அந்த வரைபடத்தை விரித்துக் கேட்கட்டும்.

இந்த வட்டத்திற்கு 14 தெருக்கள் என்று செயலாளர் சொன்னார். தெருவுக்கு ஒருவர் போதும். வரைபடத் தாள் இந்தப் படிப்பகத்து மேசைமீதே இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். பருவமழை அக்டோபரிலே தொடங்கிவிடும்.