ஒப்பந்தம் போட்டால் பொறுப்பு போய்விடுமா?

   

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி, 'அரசாங்க வேலையைத் தனியார்கிட்ட விட்டா சுறுசுறுப்பா நடக்கும்'னு அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்தார். நடக்கட்டுமே! வேண்டாம்னு யார் சொன்னது? தெருவிளக்கு எரிஞ்சா போதும். ஏணியில ஏறினது அரசாங்கமா, கான்ட்ராக்டரான்னு நான் ஏன் பார்க்கப் போறேன்? ஆனா எரியலைன்னா யாரைக் கேட்கிறது? அதுதான் எங்கள் அணியின் வழக்கு.

எங்க தெருவுல அப்படித்தான் ஒரு விளக்கு எரியலை. ஆபீஸ்ல போய்க் கேட்டேன். 'அது கான்ட்ராக்ட்ல இருக்கும்மா, அவங்களைக் கேளுங்க'ன்னாங்க. கான்ட்ராக்டர் ஆளுக்குப் போன் போட்டா, 'மாட்டுறதுதான்மா எங்க வேலை, பல்பு ஆபீஸ்ல இருந்து வரணும்'ங்கிறார். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, கல்யாணப் பந்தியில சாம்பாருக்கு உப்பு இல்லை. கேட்டா, பரிமாறுறவர் சமையல்காரரைக் காட்டுறார். சமையல்காரர் சரக்கு வாங்கினவரைக் காட்டுறார். சரி, சாப்பிட்டவர் வெளியில போய் யாரை ஏசுவார்? பத்திரிகை வச்சுக் கூப்பிட்ட பொண்ணோட அப்பாவைத்தானே! சமையலைக் கான்ட்ராக்ட் விட்டுட்டேன்னு அவர் தப்பிக்க முடியுமா? (கைதட்டல்)

நம்ம ஊர்ப் பக்கம் ஜீரோ பாயின்ட்ல நுழையிற கிருஷ்ணா தண்ணீர், 1996-லிருந்து பூண்டி ஏரி வழியாகச் சென்னைக்குப் போகிறது. தண்ணி கொடுக்கிற நாம, பதிலுக்கு ஒரு பாடத்தையாவது அங்கேயிருந்து வாங்கிக்க வேண்டாமா?

2000-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் நிறுவனத்துக்கு ஏழு வருஷத்துக்கு விட்டது. புது வண்டி வந்தது, சீருடை வந்தது, தெரு சுத்தமாச்சு. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா பணம் எந்தக் கணக்குல? டன் கணக்குல! எத்தனை டன் அள்ளுறாங்களோ அத்தனைக்குக் காசு. குப்பை குறையணும்னு ஆசைப்படுறது நாம. கூடக் கூட லாபம் பார்க்கிறது கம்பெனி. கட்டட இடிபாடும் எடை மேடைக்குப் போகுதுன்னு புகார் எழுந்தது. எழாம இருக்குமா? கம்பெனியை நான் திட்ட வரலை. எடைக்குத்தான் காசுன்னு ஒப்பந்தம் எழுதினது யாரு? வேலை எவ்வளவு நல்லா நடந்ததுன்னு மதிப்பெண் போட்டுப் பணம் கொடுக்கிற ஒப்பந்தம் சென்னைக்கு வந்தது 2020-ல்தான். இருபது வருஷம்!

அள்ளுகிறவர்கள் கதை தனி. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டபோது, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். கடைசி ராத்திரி போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. நேற்று வரை மாநகராட்சி வேலை, விடிஞ்சா கம்பெனி வேலை. 'எங்க முதலாளி யாரு?' இதுதானே ஐயா அவங்க கேள்வி? கான்ட்ராக்டர் கூலி கொடுக்கலைன்னா வேலையை விட்டவரே கொடுக்கணும்னு 1970-லேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கு. பொண்ணோட அப்பாதான் பொறுப்புன்னு சட்டமே சொல்லுதய்யா!

எதிரணியில பாஸ்போர்ட்டைப் பெருமையாச் சொன்னாங்க. அது எங்க கட்சிக்குத்தான் சாட்சி! முதல் கவுன்ட்டர்ல போட்டோ, கைரேகை எடுக்கிறது டி.சி.எஸ். ஊழியர். ஆனா சான்றிதழைச் சரிபார்க்கிறதும், பாஸ்போர்ட் கொடுக்கலாமான்னு முடிவு பண்றதும் அரசாங்க அதிகாரி. வேலை கைமாறிச்சு, கையெழுத்து மாறலை.

சாலையோ கால்வாயோ, அரசாங்கக் கட்டுமான வேலைக்கு எம்-புக்னு ஒண்ணு உண்டு, தாய்மார்களே. அளவுப் புத்தகம். நீளம் எத்தனை, கனம் எத்தனைன்னு பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் பில் பாஸாகும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டி அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்கலாம். வேலை நடந்த இடத்தைப் பார்வையிடலாம், போட்ட ஜல்லி சிமென்டுக்கு மாதிரி கூடக் கேட்கலாம். புடவைக் கடையில நூலை இழுத்துப் பார்க்கிற நாம, ரோட்டுல மட்டும் ஏன் சும்மா நடக்கணும்? (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டாங்க. தம்பி, உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்க சொல்ற அந்தச் சுறுசுறுப்பான கம்பெனி நாளைக்குப் பாதி வேலையில கடையைக் கட்டிட்டுப் போனா, இந்த ஊத்துக்கோட்டை ஜனங்க எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்? விலாசத்தைச் சொல்லுங்க, எல்லாரும் குறிச்சுக்கிறோம்.