ரத்தத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை

(வீராம்பட்டினத்தில் தம்பதியர் கூட்டத்தில் ஒரு டாக்டர் பேசியது)



ஆடியில் உங்கள் ஊர் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர் ஓடுகிறது. வடம் பிடிக்க ஏகப்பட்ட பேர். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சில பேர்தான். அவர்கள் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் போய் ஏறுமோ! நம் ரத்தத்திலும் அப்படி ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஆன்டித்ரோம்பின் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் போகிறது, வேலை புரிந்தால் போதும்.

வலை பிரிக்கும்போது கெளுத்தி முள் கையில் குத்துகிறது. ரத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றும் விடுகிறது. எப்படி? த்ரோம்பின் என்ற பொருள் உண்டாகி, ரத்தத்திலேயே நார் நாராக ஒரு வலை பின்ன வைக்கிறது. அதில் ரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகிக் காயத்தை அடைக்கின்றன. ஆனால் இந்த வலை காயத்தோடு நிற்க வேண்டும். ரத்தக் குழாய் முழுக்கப் பரவக்கூடாது. கல்லீரல் செய்து அனுப்பும் ஆன்டித்ரோம்பின் என்ற புரதம்தான் மிஞ்சின த்ரோம்பினைக் கட்டிப்பிடித்து முடக்குகிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். 1965-ல் நார்வே நாட்டு டாக்டர் ஓலாவ் எகெபெர்க், ஒரே குடும்பத்தில் பலருக்கு ரத்தக் கட்டி வருவதைப் பார்த்து இதை முதன்முதலில் எழுதினார். சில ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இந்தக் குறை. ஆனால் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகையால் அண்ணன்மார்கள் ‘இது பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று எழுந்து போக வேண்டாம். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டி, இரண்டு பக்கமும் இந்தக் குறை இருந்துவிட்டால், பிள்ளைக்கு ஆபத்து இன்னும் பெரிது.

குறை உள்ளவர்கள் பலர் வருஷக்கணக்கில் சுகமாகவே இருப்பார்கள். சோதனைக் காலம் கர்ப்பமும், பிரசவத்துக்குப் பிந்திய 6 வாரமும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடாதிருக்க, எந்தக் கர்ப்பிணிக்குமே ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு தயாராகிறது. வடம் இழுக்கிறவர்கள் கூடிவிட்டார்கள், முட்டுக்கட்டைக்காரரோ பாதிப்பேர்! கட்டி அதிகமாக விழுவது இடது காலில்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ‘வாம்மா, எண்ணெய் போட்டு உருவி விடறேன்’ என்று மாமியார் பாசமாகத்தான் கூப்பிடுவார். வேண்டாம் அத்தை! உருவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

பிள்ளை பெற்றவளைப் படுக்கையிலேயே வைத்து, தண்ணீரையும் அளந்து கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. எனக்கு அதில் கோபமே உண்டு. தாகத்துக்குக் கொடுங்கள், எழுந்து நடக்க விடுங்கள்.

கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் இருக்கிறது. ஹெப்பாரின் ஊசி, இருக்கிற ஆன்டித்ரோம்பினையே பல மடங்கு வேகமாக வேலை செய்ய வைக்கும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. ஊசி போட்டுக்கொண்டே தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட மாலா-என் நல்ல மாத்திரைதான். ஆனால் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைத் தூண்டும். சாதாரணப் பெண்ணுக்கு அந்த ஆபத்து மிகச் சிறிது, கர்ப்பத்தில் உள்ளதைவிடக் குறைவு. இந்தக் குறை உள்ளவளுக்கும், முன்பே காலில் கட்டி வந்தவளுக்கும் அது ஆகாது. காப்பர்-டி, நிரோத், ஆண்களுக்கான வாசக்டமி ஆகியவை ரத்தம் உறைவதைத் தூண்டுவதில்லை.

மாத்திரை கேட்டுப் போகும்போது நர்சம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்: உங்கள் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இளவயதில் காலில் ரத்தக் கட்டி வந்ததா, பிரசவமான சில நாளில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று. ‘புருஷன் வீட்டில் நம்மைக் குறைவாக நினைப்பாங்களோ’ என்று பயமிருந்தால் தனியாகச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி இருக்கும்போதும், ஹெப்பாரின் போடும்போதும் அளவு குறைவாகக் காட்டக்கூடும். அதனால் எப்போது எடுப்பது என்பதை டாக்டரே சொல்லட்டும்.