அமுக்க விகிதம் அறிவோம்



அண்மையில் தோட்டமொன்றில் இளைஞர் ஒருவர், நடுவே துளை விழுந்த பிஸ்டன் ஒன்றை நம் கையில் கொடுத்தார். காலையில் பால்மரம் சீவி, மாலையில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி நாலு வெள்ளி கூடுதலாக ஈட்டுபவர் அவர். "வலுவைக் கூட்டத்தான் பார்த்தேன் ஐயா," என்றார். அவர் கூட்டியது எதனை? அதுவே அமுக்க விகிதம்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள இடம் பெரிது. உச்சிக்கு வந்ததும் எஞ்சும் இடம் சிறிது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். பிஸ்டன் ஓடும் இடம் 33 கன சென்டிமீட்டர், உச்சியில் எஞ்சுவது 5.5 எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து 38.5. அதனை 5.5 ஆல் வகுக்க, விடை 7.

'டூ ஸ்ட்ரோக்' என்னும் இருவீச்சு இயந்திரத்திலோ ஒரு நுட்பம் உண்டு. புகை வெளியேறும் துவாரம் சிலிண்டரின் சுவரிலேயே அமைந்துள்ளது. ஏறிவரும் பிஸ்டன் அதனை மூடிய பின்னரே உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு கழிந்தால், மேற்கண்ட 7 என்பது 5 ஆகிவிடும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்தக் குறைந்த எண்ணையே குறிப்பிடுவர். ஐரோப்பியர் முழு ஓட்டத்தையும் கணக்கிடுவர். ஆகவே, எண்ணை மட்டும் ஒப்பிட்டு நமது இயந்திரம் வலுக்குறைந்தது எனக் கருதலாகாது.

அவ்வாறு கருதியே சிலர் ஹெட்டைத் தேய்க்கின்றனர். சிலர் சிலிண்டரின் அடியிலுள்ள கேஸ்கெட்டை நீக்குகின்றனர். உச்சியில் 1 கன சென்டிமீட்டர் குறைந்தாலே 7 என்பது 8.3 ஆகிறது. அமுக்கம் ஏற வெப்பமும் ஏறும். பிளக் மூட்டிய சுடர் பரவி முடியுமுன், எஞ்சிய கலவை தானே வெடிக்கும். 'டக்டக்' என்னும் ஓசை அதன் எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாவிடில் பிஸ்டன் துளைபடும். அளவுக்கு மீறி எண்ணெய் கலந்தால் படியும் கரியும் எஞ்சிய இடத்தை அடைத்து, இதே தீங்கைச் சிறிது சிறிதாக விளைவிக்கும்.

அமுக்கம் குறைவதும் நோயே. சுவிட்சை அணைத்துவிட்டு, இயக்கும் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையைத் தடுத்து நிறுத்தினால் நலம். தடையின்றி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். ரிங் மாற்றும் செலவு சிறிது. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றும் செலவு பெரிது.

எனவே, தயாரிப்பாளர் வகுத்த அளவை மாற்றாதிருப்போம். கையேட்டில் கண்டபடி எண்ணெய் கலப்போம். கரியை அவ்வப்போது நீக்குவோம். அந்த இளைஞர் புதிய பிஸ்டனுக்காகப் பல மாலைகளின் ஊதியத்தை இழந்தார். நம்முள் வேறொருவர் அவ்வாறு இழக்க வேண்டாம்.