மெஷினுக்கும் கண் வந்துவிட்டது
(தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் அம்மா முப்பது வருடம் ஸ்டோரில் காம்பு பொறுக்கியவர். தூளைப் பரப்பி, வெளிறிய காம்பையும் நாரையும் கையால் எடுப்பார். கண் எரியும். தூசியில் இருமல் வரும். பிறகு கலர் சோர்டர் வந்தது. அம்மாவையும் கூட இருந்த பெண்களையும் மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மெஷின் என்ன செய்கிறது? தூள் சரிவில் வழிந்து விழும்போது கெமரா படம் பிடிக்கிறது. தூளா, காம்பா என்று கம்பியூட்டர் கண் இமைக்கும் முன் பார்க்கிறது. காம்பு என்றால் காற்றை ஊதித் தள்ளிவிடுகிறது. முன்பு நிறத்தை ஒப்பரேட்டர்தான் செட் பண்ண வேண்டும். இப்போது வரும் மெஷின்களுக்குப் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். இதைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எது காம்பு, எது தூள் என்று அந்தப் படங்களைப் பிரித்துச் சொல்ல மனிதர் வேண்டும். நம் தாய்மாரின் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் மெஷின் படிக்கிறது. கொழுந்தும் காலநிலையும் மாறினால் தூளின் நிறமும் மாறும். அப்போது மெஷினைத் திருத்த, தூளை அறிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி மொடல் 3 காரைச் செய்ய அளவுக்கு மீறி ரோபோக்களை நிறுத்தியது. உற்பத்தி பிந்தியது. அது தன்னுடைய தவறுதான், மனிதருக்கு உரிய மதிப்புக் கிடைப்பதில்லை என்று அதன் தலைவர் ஈலோன் மஸ்க்கே 2018இல் ஒப்புக்கொண்டார்.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா பட்ட இருமல் மகளுக்கு வேண்டாம். ஆனால் மூன்று விஷயம் கேட்போம். மெஷின் வரும் முன் சங்கத்தோடு பேச வேண்டும். அதை ஓட்டவும் திருத்தவும் ஸ்டோரில் உள்ள பெண்களுக்கே முதலில் பயிற்சி தர வேண்டும். அந்த வேலைக்கு ஏற்ற சம்பளம் தர வேண்டும்.

"மெஷின் வந்துவிட்டது, இனி வேலை இல்லை" என்றால் பயப்படாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆகவே வாசிக்காமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் தோட்டத் தலைவரிடம் கொண்டுவாருங்கள்.