பள்ளிக்கூடமும் கம்ப்யூட்டரும்

(கம்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டர், செல்போன், திரைப்பலகை முதலிய சாதனங்களைக் கொண்டு பள்ளிக்கூடங்களில் பாடம் கற்பிப்பது பற்றியதாகும். சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை, சாமியைக் கண்டித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று சிலர் நினைக்கலாம். இந்நாட்டில் யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்ற ஏற்பாடே சாமியின் பேரால் செய்யப்பட்டதுதான். ஆகையால் படிப்புக்கென்று ஒரு புதுச் சாதனம் வரும்போது, அது யார் வீட்டுக்குப் போகிறது, யார் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்பது நமக்கு முதல் வேலையாக இருக்கிறது.

இந்தச் சாதனங்களைக் கண்டு நாம் மிரளுகிறவர்கள் அல்ல. பெரியார் அவர்கள் 1940-களிலேயே "இனி வரும் உலகம்" என்ற தமது நூலில், ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் கருவி வரும் என்றும், ஒருவர் ஓரிடத்தில் இருந்துகொண்டு பல ஊர்க்காரர்களுக்குப் பாடம் சொல்லும் காலம் வரும் என்றும் எழுதியிருக்கிறார். அன்று அதைப் படித்துச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதில் ராசிபலன் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஏகலைவன் தானாகவே வித்தை கற்றான் என்பதற்காக அவன் கட்டை விரலைக் கேட்டு வாங்கினார்கள் என்று புராணம் பெருமையாகச் சொல்லுகிறது. அது கதை. ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டம் கதையல்ல. இந்தச் சீமையில் ஒரு கூட்டத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சொல்லி, அவர்களுடைய விரல் ரேகையைச் சர்க்கார் பதிவு செய்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 3.4.1920-ல் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஏற்பட்டன. தேனி ஜில்லாவில் இன்றும் அவை நடக்கின்றன. தாத்தா மைதடவிக் காகிதத்தில் வைத்த அதே விரலைப் பேரன் இன்று கண்ணாடித் திரையில் வைத்துப் பாடம் திறக்கிறான் என்றால், அது சாமானியமான மாறுதலா? அந்த விரலை நாம் மறுபடியும் யாருக்கும் காணிக்கை கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்லுகிறோம்.

சரி, கருவி வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்ததா?

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் மூடின பள்ளிக்கூடங்களில், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 1.11.2021-ல்தான் கதவு திறந்தது. அந்த ஒன்றரை வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் பாடம் செல்போனில் வரும் என்றார்கள். 2019 ஆகஸ்டில் துவக்கின கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்தது என்ன? ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போகிற தாய் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டுக்கோ குமுளிக்கோ போடிமெட்டுக்கோ மலையேறுவாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு செல்போன். அதுவும் அவளோடு மலை ஏறிவிடும். பிள்ளைக்குப் பாடம் வருகிற நேரத்தில் செல்போன் ஏலச் செடிக்கு நடுவில் இருக்கும். அகமலை, குரங்கணிப் பக்கத்துக் குடிகளுக்கோ கருவி இருந்தாலும் சிக்னல் கிடைப்பது பாறைமேல் ஏறினால்தான்.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. யாகம் செய்து வராத தண்ணீரைப் பென்னிகுயிக் என்ற இஞ்சினியர் மலையைக் குடைந்து கொண்டுவந்தார். (அவரையும் சாமியாக்கிச் சூடம் காட்டத் துவங்கிவிட்டோம் என்பது வேறு விஷயம்.) ஆனால் அணையில் தண்ணீர் நிற்கிறது என்பதனாலேயே லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் வயல் நனைந்துவிடுமா? வாய்க்கால் வேண்டும், மடை வேண்டும், மேல்மடைக்காரன் அடைத்துக்கொள்ளாமல் முறை வேண்டும். படிப்புக் கருவிக்கும் இதே கணக்குத்தான்.

மேல்மடையை அடைக்கிறவன் வெளியூரான் மட்டுமல்ல என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை ஒன்று, பெண்பிள்ளை ஒன்று இருந்தால் செல்போன் யாருக்கு? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். விடை உங்களுக்குத் தெரியும். பையன் ராத்திரி பன்னிரண்டு மணிவரை விளையாட்டுப் பார்க்கலாம். பெண் பாடம் பார்க்கக் கேட்டால் "உனக்கெதற்கு, கெட்டுப் போவாய்" என்கிறோம். என்ன கெட்டுப் போவாள்? வேறு ஜாதிப் பையனோடு பேசிவிடுவாள் என்கிற பயம்தானே! 2019-ல் குஜராத்தில் பனஸ்காந்தா ஜில்லாவில் ஒரு ஜாதிப் பஞ்சாயத்தார் கலியாணமாகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பகிரங்கமாகத் தீர்மானமே போட்டார்கள். நாம் தீர்மானம் போடுவதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறோம். பெண் எழுதப் படிக்கக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள் என்று அவள் பாட்டிக்குச் சொன்ன அதே நியாயம் இப்போது கண்ணாடி மூடி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஜாதியைக் காப்பாற்றுவதற்காக மகளுடைய கணக்குப் பாடத்தைப் பலி கொடுக்கிறவர்கள் சுயமரியாதைக் கூட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்காருவதில் என்ன பிரயோசனம்?

நிற்க, பள்ளிக்கூடத்துக்குள் போவோம். சில ஊர்களில் நாம் கண்டது இது. திரைப்பலகை இருக்கிறது, அறைக்குப் பூட்டும் இருக்கிறது. சாமான் கெட்டுப்போகும், கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பூட்டி வைத்து, ஆயுத பூசையன்று திறந்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி பூட்டுகிறார்கள். சரஸ்வதியின் பேரையே கேட்டறியாத நாட்டார் கண்டுபிடித்த கருவிக்கு நம்மவர்கள் சரஸ்வதி பூசை செய்கிறார்கள்! கருவியைத் தொட்டுப் பார்த்து, தப்பு விசையை அமுக்கி, கெடுத்து, சரிசெய்து பழகினால்தான் பிள்ளைக்கு அறிவு வளரும். பொட்டு வைத்த கருவியைத் தொடப் பிள்ளை பயப்படும்.

இனி, கருவியைக் கொடுத்துவிட்டால் போதுமா என்பதற்கும் உலகத்தார் அனுபவம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு தேசத்துச் சர்க்கார் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் சோதித்து 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. டில்லியில் 2015-ல் நடந்த ஒரு சோதனையில் வேறுவிதமான பலன் கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டவில்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் எது தெரியும் என்று சோதித்து, மூன்றாம் வகுப்புக் கணக்கில் நிற்கிறது என்றால் அங்கிருந்தே துவக்கிற்று. அத்துடன் சிறு கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். நாலரை மாதத்தில் கணக்கும் ஹிந்தியும் நன்றாக ஏறின. நம் சர்க்கார் 2022-ல் துவக்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிப்பதும், 2021-ல் துவக்கின இல்லம் தேடிக் கல்வியில் தெருத்தெருவாகப் பெண்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வழியைச் சேர்ந்தவைதான்.

முன் வரிசைப் பிள்ளைக்கு மட்டும் பாடம் நடத்தி, பின் வரிசைப் பிள்ளையை "இது தலையெழுத்து, இதற்குப் படிப்பு வராது" என்று ஒதுக்கிவைத்ததே நம் நாட்டுப் பள்ளிக்கூடத்தின் பழைய வழக்கம். பின் வரிசையில் யார் உட்கார்ந்தார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தலையெழுத்து என்று ஒன்று கிடையாது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து ஏற்றலாம் என்று பிரத்தியட்சமாகக் காட்டுகிற கருவி எதுவோ, அதை நாம் இருகை நீட்டி வரவேற்கிறோம்.

உபாத்தியாயரைக் குறைத்துவிட்டுக் கருவியை வைக்கலாம் என்கிற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. 2024-ல் தொடக்கப் பள்ளி உபாத்தியாயர்கள் சுமார் 80,000 பேருக்குக் கைக்கணினி கொடுக்க ஏற்பாடாயிற்று. அதை வைத்துப் பாடம் சொல்லும் நேரத்தை, எமிஸ் என்கிற கணக்கில் விவரம் ஏற்றுகிற வேலை தின்கிறது என்று அவர்கள் பல வருஷமாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கருவியினால் என்ன லாபம்?

இப்பொழுது கேட்டதற்கெல்லாம் விடை எழுதிக் கொடுக்கிற கம்ப்யூட்டரும் வந்திருக்கிறது. நல்ல சாதனம்தான். ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போகிற பிள்ளைக்கும், அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கிற பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? "நீ சொல்வது சரிதானா, எப்படித் தெரியும்?" என்று அந்தக் கருவியையே எதிர்த்துக் கேட்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உபாத்தியாயரைக் கேட்க விடாத வகுப்பில் கருவியைக் கேட்கிற துணிச்சல் பிள்ளைக்கு வராது.

ஆகவே நாம் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லுகிறோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் மட்டும் போகாமல், கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். திரைப்பலகை அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? போன மாதம் எத்தனை நாள் திறந்தது? அதன் எதிரில் எந்த வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பெண்பிள்ளைகள் கை வைத்தார்களா? சாயங்காலம் ஒரு மணி நேரம், வீட்டில் செல்போன் இல்லாத பிள்ளைகளுக்காக அந்த அறையைத் திறந்து வைக்க முடியுமா? இவற்றைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்க வேண்டும். கூட்டத்தைப் பகல் மூன்று மணிக்கு வைத்தால் ஏலத்தோட்டத்துத் தாய்மார்களில் ஒருவர்கூட வரமுடியாது. மலையிலிருந்து ஜீப் இறங்கிய பிறகு வைக்கச் சொல்லுங்கள்.