வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு?

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பிறகு லயத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இன்றும் மலையில் லயத்தில் வாழும் உறவுகள் இந்த உரையைச் செய்திமடலில் வாசிப்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சைக் கேட்கிறோம்: "ஐயாமார் வந்து வீட்டைப் பார்த்துவிட்டார்கள், இனிப் பயமில்லை." அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வந்தோம்.

பார்வையிட வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறார். சுவர் வெடிப்பு, கூரை மரத்தில் கறையான், உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடு, சாய்ந்த கதவு நிலை, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பது. இவை அறிக்கையில் வரும்.

சுவருக்குள் ஓடும் வயரை அவர் பார்ப்பதில்லை. அத்திவாரத்தைத் தோண்டுவதில்லை. உப்புக் காற்றில் பீமுக்குள் கம்பி துருப்பிடித்தாலும், கொங்கிறீட் வெடித்துத் துருக்கறை வெளியே வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. புதுப் பூச்சு பூசி மறைத்த வெடிப்பும் அப்படித்தான்.

வருகிற நாளும் முக்கியம். ஆவணியில் வந்தால் முற்றம் காய்ந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாவி நிரம்பி, முகத்துவாரம் வெட்டினால்தான் வெள்ளம் வடியும் என்ற நிலை வரும்போது தண்ணீர் எத்தனையாவது படிவரை ஏறும்? அது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். சுவரில் வெள்ளக்கறை இருந்தால் கையோடு காட்டுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காற்று எந்தப் பக்கக் கூரையைப் பிடித்தது என்று அவர்களையே சொல்ல வையுங்கள்.

வீட்டைப் பார்ப்பவர் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கே மணல் நிலம்; அழுக்கு சுலபமாக ஊறிப் போகும். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வீடு உறுதியாக இருக்கிறது என்று எழுதிய கடிதம் காணி உறுதி ஆகாது. பல குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து அந்தக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றன.

மலையில் உள்ள உறவுகளுக்கு ஒரு வார்த்தை. மண்சரிவு அபாயத்தைப் பார்ப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மலைச்சரிவை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து இருக்கிறது, மக்கள் வெளியேற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. ஆனால் போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே பரிசோதனை தவறவில்லை. பரிசோதனைக்குப் பிறகு நடக்க வேண்டியது நடக்கவில்லை. ஆபத்து என்று எழுதுவதோடு அந்த அறிக்கையின் வேலை முடிகிறது. மாற்றுக் காணியும் வீடும் தானாக வராது. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை, சங்கத்தின் வேலை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். பார்வையிட வருகிறவரிடம், "எதையெல்லாம் பார்க்கவில்லை ஐயா?" என்று கேட்டு எழுதி வைப்போம். அரச நிறுவனம் எழுதிய அறிக்கையென்றால் அதன் பிரதியைக் கேட்போம். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவோம். அறிக்கையில் ஆபத்து என்று இருந்தால், அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டமாகப் போவோம். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். சங்கமாகப் போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.